முதற்கட்டத் தேர்தல்: சிதம்பரம் தொகுதியும் ஓர் இயக்கத் தலைவரும்

 

இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், நமக்குள் ஓயாமல் பேசப்பட்டும் அச்சில் அதிகம் வராத ஒன்று. தேர்தலைப் புறக்கணித்த ஓர் இயக்கத்தின் தலைவர் வேட்பாளராக நின்றபோது நமக்குள் என்ன நடந்தது என்பதே அது. டீக்கடையில் பேசுகிறோம், நீதிமன்ற வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கும்போது பேசுகிறோம், சாவு வீட்டுப் பந்தலில்கூடப் பேசுகிறோம். மேடை ஏறிவிட்டால் மட்டும் இரண்டில் ஒன்றாகிவிடுகிறோம். கட்சித் தோழர்கள் போற்றுகிறார்கள். கட்சியை விட்டு விலகியவர்கள் தூற்றுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், வாக்கையும் போட்டுவிட்டு மனக்குறையையும் சுமந்துகொண்டு நிற்கும் பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறோம். அந்தக் கூட்டத்தின் மனநிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்ப்பதே இந்த உரை.

1999 செப்டம்பர்

தொல். திருமாவளவன் அரியலூர் பக்கத்து அங்கனூர்க்காரர். 1962இல் பிறந்தவர். சென்னையில் படித்து, மதுரையில் தடய அறிவியல் துறையில் அரசு வேலைக்குப் போனவர். அங்கே தலித் பேந்தர்ஸ் அமைப்பை நடத்திவந்த மலைச்சாமி 1989இல் மறைந்த பிறகு அதன் தலைமைக்கு வந்தார். அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுகள் இயக்கத்தின் நிலைப்பாடு தேர்தல் புறக்கணிப்பு. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் வீடு எரியும்போது வருவதில்லை என்பதுதான் அன்று சேரிகளில் சொல்லப்பட்ட எளிய நியாயம். 'அடங்க மறு, அத்து மீறு' என்ற முழக்கம் சுவர்களில் ஏறியது அந்த ஆண்டுகளில்தான்.

புறக்கணிப்பு ஏன் கைவிடப்பட்டது என்பதை அந்தக் காலத்து நிகழ்வுகளை வைத்துப் பார்க்க வேண்டும். 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறையே சேரிக்குள் புகுந்து சூறையாடியது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. இன்னொரு பக்கம், வன்முறை இயக்கம் என்ற முத்திரை குத்தி இளைஞர்கள் மீது தடுப்புக் காவல் சட்டங்கள் பாய்ந்தன. வெளியே நின்றாலும் அடி, தேர்தலில் நின்றாலும் வெட்டு. இந்த நிலையில்தான் இயக்கம் தேர்தலுக்குள் வந்தது. ஜி.கே. மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரசோடு உடன்பாடு, மக்களவைக்குச் சிதம்பரம் தனித்தொகுதி, சைக்கிள் சின்னம். திருமாவளவன் அரசு வேலையை விட்டார்.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். பாட்டாளி மக்கள் கட்சியின் பொன்னுசாமி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் முதல் முறையாக நின்ற, கையில் காசில்லாத, பெரிய கட்சிகள் இரண்டின் துணையும் இல்லாத ஓர் இயக்கத்தின் வேட்பாளருக்கு இரண்டேகால் லட்சம் வாக்குகள் விழுந்தன. அந்த வாக்குகளுக்கான விலையையும் அதே நாளில் வசூலித்தார்கள். வாக்குப்பதிவு நாளிலும் அதையொட்டியும் தொகுதியின் பல சேரிகள் தாக்கப்பட்டன. குடிசைகள் எரிந்தன. வாக்குச்சாவடிக்குப் போகவிடாமல் மக்களைத் தடுத்தார்கள். அதுவரை எங்கள் பகுதியில் பல சேரிகளின் வாக்கு, பண்ணையார் கைகாட்டிய இடத்தில் விழுந்த வாக்கு. தன் ஆள் என்று ஒருவருக்குத் தன் விருப்பத்தில் போட்ட முதல் வாக்கு, வீடு எரிந்த வாக்கு.

அந்த நாளைப் பற்றிப் பேசும்போது பெருமையும் வலியும் ஒரே மூச்சில் வருவது இதனால்தான்.

வெளியூர்க்காரர்

'அவர் வெளியூர்க்காரர்' என்பது அந்தத் தேர்தலில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. உண்மைதான். அன்றைய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அங்கனூர் இல்லை. குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், மங்களூர் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது அது. ஆனால் 1998இல் இதே தொகுதியில் வென்று மத்திய அமைச்சரான தலித் எழில்மலை செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அப்போது யாரும் ஊர் விசாரிக்கவில்லை. பெரிய கூட்டணி அழைத்து வருகிறவர் விருந்தாளி. சேரி அழைத்து வருகிறவர் அந்நியர். இதுதான் கணக்கு.

நம் வரலாற்றில் வெளியூர்க்காரர்களுக்குக் குறைவில்லை. சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்த சுவாமி சகஜானந்தர் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் இருந்தார். காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தரான எல். இளையபெருமாள் 1952இல் கடலூரிலிருந்தும் 1957இல் சிதம்பரத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். 1980இல் சட்டமன்றத்துக்கு அவர் வென்றதோ சென்னை எழும்பூரில். பாபாசாகேப் அம்பேத்கரே பம்பாய்க்காரராக இருந்தும், 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தது வங்காளத்திலிருந்து. ஜோகேந்திரநாத் மண்டலும் அங்கிருந்த தோழர்களும் அந்த வாசலைத் திறந்தார்கள். சொந்த ஊர் கதவைச் சாத்தும்போது வேறு ஊர்ச் சேரி திறக்கும் என்பது நமக்குப் பழக்கமான அனுபவம்.

இதில் மொழியும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. தமிழில் ஊர் வேறு, சேரி வேறு. சேரியில் பிறந்தவர் அங்கேயே ஏழு தலைமுறை வாழ்ந்திருந்தாலும் ஊருக்கு வெளியே இருப்பவர்தான். ஆகவே தலித் வேட்பாளர் எந்தத் தொகுதியில் நின்றாலும், தேரோடும் தெருவில் வாக்குக் கேட்டு நுழையும்போது வெளியிலிருந்து வருகிறவராகவே பார்க்கப்படுகிறார். 2008 தொகுதி மறுசீரமைப்பில் விருத்தாசலமும் குறிஞ்சிப்பாடியும் மங்களூரும் போய், அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவை சிதம்பரத்தோடு சேர்ந்தன. அங்கனூர் இன்று சிதம்பரம் தொகுதிக்குள்தான் இருக்கிறது. வரைபடம் அவரை உள்ளூர்க்காரர் ஆக்கிவிட்டது. ஊர் ஆக்கிவிட்டதா என்பதற்கு 2019 ஏப்ரல் 18 பதில் சொன்னது. அன்று வாக்குப்பதிவு. அவர் நின்ற பானைச் சின்னத்தை இழிவுபடுத்திப் பானை உடைத்ததில் தொடங்கிய தகராறில், அங்கனூருக்கு அருகிலேயே உள்ள பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. முதல் தேர்தலுக்கும் அதற்கும் நடுவே 20 ஆண்டுகள்.

இந்த மண்ணில் பானைக்கு வேறொரு கதையும் உண்டு. பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையைச் சிறுவன் இளையபெருமாள் உடைத்தார் என்பதைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் நம்மைப் பிரித்து வைத்த பானையை நாம் உடைத்தோம். பிறகு நம் சின்னமாக வந்த பானையை அவர்கள் உடைத்தார்கள்.

பூனா ஒப்பந்தத்தில் இருந்த ஒரு படி

நம் இரட்டை மனநிலையைப் பலரும் ஒரு தனிமனிதர் பற்றிய கேள்வியாகவே கேட்கிறார்கள். 'அவர் மாறிவிட்டாரா? அன்று பேசியதை இன்று ஏன் பேசுவதில்லை?' இந்தக் கேள்விக்குப் பதில் தேட 1932க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி தந்தது. நம் தொகுதியில் நம் வேட்பாளரை நாமே தேர்ந்தெடுப்போம். பொதுத் தொகுதியிலும் இன்னொரு வாக்கு உண்டு. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போராடியதன் பலன் இது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. தனி வாக்காளர் தொகுதி போய்க் கூட்டு வாக்காளர் தொகுதி வந்தது. இதுவரை மாணவர்கள் எல்லோரும் அறிந்ததே.

அதிகம் பேசப்படாதது அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு படி. ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் முதலில் ஒரு முதற்கட்டத் தேர்தல். அதில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் இரண்டாம் கட்டத்தில் எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். அதாவது இறுதித் தீர்ப்பு ஊர் கையில் இருந்தாலும், வேட்பாளர் பட்டியல் சேரி கையில் இருந்தது. 1945-46 தேர்தலில் முதற்கட்டத்தில் முன்னிலை பெற்ற பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வேட்பாளர்கள் இரண்டாம் கட்டத்தில் வீழ்த்தப்பட்டார்கள். யார் உண்மையான பிரதிநிதி என்பதற்கு அந்த முதற்கட்ட வாக்குகளைத்தான் அம்பேத்கர் ஆங்கில அரசிடம் சான்றாக வைத்தார்.

சுதந்திர இந்தியாவின் தேர்தல் முறையில் அந்த முதற்கட்டம் இல்லை. முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. இளையபெருமாள் போனது அப்படித்தான். 1961இல் அவையும் ஒழிக்கப்பட்டு இன்றைய தனித்தொகுதி முறை வந்தது. வேட்பாளர் பட்டியல் இனத்தவராக இருக்க வேண்டும்; அவரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பட்டியல் இனத்தவர் அல்லாதவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. தமிழகத்தில் உயர்ந்த அளவுகளில் இதுவும் ஒன்று. அந்த மாவட்டத்தின் தனித்தொகுதியிலும், எல்லாச் சேரி வாக்கும் ஒரே பெட்டியில் விழுந்தால்கூட, மீதி 71 விழுக்காட்டில் ஒரு பகுதி வராமல் யாரும் ஜெயிக்க முடியாது. பிற கட்சிகளும் தலித் வேட்பாளரையே நிறுத்துவதால், ஊர் வாக்கு யார் பக்கம் சாய்கிறதோ அவரே உறுப்பினர். சேரியின் கோபத்தை அதிகம் பேசுகிறவர் அதிகம் தோற்பார். அம்பேத்கர் 1952இல் வட பம்பாயில் காங்கிரஸ் நிறுத்திய தலித் வேட்பாளரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சாசனம் எழுதியவருக்கே இந்த இயந்திரம் காட்டிய முகம் அது. கன்ஷிராம் 1982இல் எழுதிய நூலில் இந்தக் கூட்டு வாக்காளர் முறை உருவாக்கும் தலைவர்களுக்குக் 'கைத்தடிகள்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்.

இப்போது 1999ஐத் திரும்பப் பாருங்கள். அந்தத் தேர்தலின் பொருள் வேறாகத் தெரியும். அதுவரை சிதம்பரத்தில் நின்றவர்களைக் கட்சிகள் தேர்ந்தெடுத்தன, சேரி வாக்களித்தது. திருமாவளவனைச் சேரிகள் பத்தாண்டுக் காலம் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டன. எரிந்த குடிசைக்கு முன் நின்றதைப் பார்த்து, இரவு நேரக் கூட்டங்களில் கேட்டு, கொடிக்கம்பம் நட்டு வழக்கு வாங்கித் தேர்ந்தெடுத்தார்கள். பிறகுதான் ஒரு கட்சி சின்னம் கொடுத்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாத முதற்கட்டத் தேர்தலை இயக்கம் நடத்திவிட்டிருந்தது. அந்த இரண்டேகால் லட்சத்தின் மதிப்பு அதுதான். அவர் எங்கள் வேட்பாளர் என்று சொல்லும்போது எங்கள் தொண்டை அடைப்பதும் அதனால்தான்.

கூட்டணிகளின் காலம்

1999க்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம். குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காகச் சொல்லவில்லை. மாணவர்களுக்கு வரிசை தெரிய வேண்டும்.

2001 சட்டமன்றத் தேர்தலில் பாரதிய ஜனதாவும் இருந்த திமுக கூட்டணி, உதயசூரியன் சின்னம், கடலூர் மாவட்டத்தின் மங்களூரில் திருமாவளவன் வெற்றி. 2004 தொடக்கத்தில் அந்தப் பதவியிலிருந்து விலகல். அதே ஆண்டு மக்களவைக்குச் சிதம்பரத்தில் ஐக்கிய ஜனதா தளச் சின்னத்தில் மீண்டும் போட்டி, இரண்டரை லட்சத்துக்கு மேல் வாக்கு, மீண்டும் தோல்வி. பிறகு, எந்தக் கட்சியை எதிர்த்து 1999இல் நின்றோமோ அந்தப் பாமகவின் நிறுவனரோடு தமிழ்ப் பாதுகாப்பு இயக்க மேடை. 2006இல் அதிமுக கூட்டணியில் இரண்டு சட்டமன்ற இடங்கள். எழுத்தாளர் ரவிக்குமார் காட்டுமன்னார்கோயிலில் வென்றது அப்போதுதான். 2009 ஜனவரியில் ஈழத்துக்காக உண்ணாவிரதம். சில மாதங்களில் காங்கிரஸ் இருந்த கூட்டணியில் போட்டி. 99,083 வாக்கு வித்தியாசத்தில் சிதம்பரத்தின் மக்களவை உறுப்பினர். அந்த வெற்றி வந்த வாரத்தில்தான் முள்ளிவாய்க்கால் முடிந்தது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிந்தபோது தமிழ் ஒற்றுமை மேடைகளும் எரிந்தன. 2014இல் தோல்வி. 2016இல் இடதுசாரிகளோடு சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியில் காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்குகளில் தோல்வி. 2019இல் 3,219 வாக்குகளில் வெற்றி. 2024இல் 1,03,554 வாக்கு வித்தியாசம். சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் வென்று மாநிலக் கட்சி அங்கீகாரம்.

இந்த வரிசையில் ஒவ்வொரு திருப்பத்திலும் நம்மில் சிலர் விலகினார்கள், சிலர் வந்து சேர்ந்தார்கள். அவரவருக்கு ஓர் ஆண்டு இருக்கிறது. ஒருவருக்கு 2001, இன்னொருவருக்கு 2009. 'அதோடு எனக்கு விட்டுப்போச்சுப்பா' என்று சொல்கிறவரே அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 87 வாக்கில் தோற்ற இரவு, கட்சியைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இதில் வென்றதும் உண்டு. சொந்தச் சின்னத்துக்கு 20 ஆண்டு அலைந்து, பானையில் நின்று ஜெயித்தது சிறிய விஷயம் இல்லை. 2021இல் நாகப்பட்டினம், திருப்போரூர் ஆகிய இரண்டு பொதுத் தொகுதிகளில் கட்சி வென்றது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நாற்காலி போட்டோம். சங்பரிவாரத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் தயக்கமின்றி ஒலிக்கும் குரல்களில் ஒன்று சிதம்பரத்தின் குரல். நம் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

இழந்தது என்ன? அந்த முதற்கட்டத் தேர்தலை இழந்தோம். இன்று எத்தனை இடம், எந்த இடம், யார் சின்னம் என்பதைக் கூட்டணித் தலைமையோடு நடக்கும் பேச்சுவார்த்தை முடிவு செய்கிறது. சேரிக்கு முடிவு தெரியும்போது சுவர் விளம்பரம் எழுதியாகிவிடுகிறது. பெண் வேட்பாளர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், நிலமற்ற விவசாயக் கூலி எத்தனை பேர் என்ற கேள்விகளைக் கேட்க ஓர் இடம் இல்லை. அதிருப்தி முழுவதும் ஒரே மனிதர் மீது போய் இறங்குகிறது. அவரை வானளவு உயர்த்துவதும் அவரிடமே எல்லாக் குறையையும் காண்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள்தான். கேட்க வேண்டிய அமைப்பு நம்மிடம் இல்லாததால், நாம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதவியால் ஆகாத வேலை

ஓர் உறுப்பினரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, கண்ணகி - முருகேசன். விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில், சாதி மறுத்துக் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவரும் வாயிலும் மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை தலித் குடும்பத்தையும் சேர்த்துக் குற்றவாளியாக்க முனைந்தது. அந்த ஆண்டு பக்கத்துத் தொகுதியான மங்களூரின் சட்டமன்ற உறுப்பினர் இயக்கத் தலைவரே. சட்டமன்றத்தில் நமக்கு ஓர் இருக்கை இருந்ததால் மட்டும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை நேர்மையாகிவிடவில்லை. மத்தியப் புலனாய்வுக்கு வழக்கை மாற்ற வைத்ததும், சாட்சிகள் பிறழாமல் காத்ததும், பிறழ்ந்தபோதும் விடாமல் நடந்ததும் வழக்கறிஞர்களும் மனித உரிமைத் தோழர்களும் அந்தக் குடும்பமும்தான். 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் அன்றைய காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. மற்றவர்களின் தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இதற்கு இடையில் ஐந்து மக்களவைத் தேர்தல்கள் வந்துபோயின. வழக்கு எந்தக் கூட்டணியிலும் சேரவில்லை.

இரண்டாவது, தெற்குத்திட்டை. 2020இல் புவனகிரி அருகே உள்ள அந்த ஊராட்சியின் தலைவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். படம் வெளியான பிறகுதான் வழக்கும் கைதும். அந்த ஊராட்சி இருப்பது சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள். டெல்லியில் தொகுதியின் நாற்காலி நம்முடையது. தெற்குத்திட்டையில் ஊராட்சியின் நாற்காலி இல்லை. 'எம்.பி. என்ன செய்தார்?' என்று கேட்பது எளிது. அந்தக் கூட்டம் ஜூலையில் நடந்தது, படம் அக்டோபரில் வந்தது. நடுவிலிருந்த மூன்று மாதங்கள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் எந்தக் கிளை, எந்த மன்றம், எந்த மாணவர் அமைப்பு இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 90களில் இயக்கம் தூக்கிச் சுமந்த வேலை அது. தேர்தல் வேலைக்கு ஆட்கள் நகர்ந்தபோது அந்த இடம் காலியானது.

இளையபெருமாளை இங்கே மறுபடியும் நினைக்க வேண்டும். அவர் எந்தெந்த ஆண்டில் எந்தத் தொகுதியில் வென்றார் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்று, நாடு முழுவதும் அலைந்து, 1969இல் அவர் கொடுத்த தீண்டாமை பற்றிய அறிக்கை நினைவில் இருக்கிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழக அரசு 1970இல் சட்டம் கொண்டுவந்தபோது எடுத்துக்காட்டியது அந்த அறிக்கையைத்தான். சகஜானந்தரையும் சட்டமன்ற உறுப்பினராக யாரும் நினைவுகூர்வதில்லை, பள்ளிக்கூடத்தால் நினைக்கிறோம். பதவி அவர்களுக்கு உதவியது. ஆனால் பதவியில் அடங்காத ஒன்றை அவர்கள் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

செய்ய வேண்டியது

ஆகவே, வாக்களிக்கலாமா வேண்டாமா என்ற பழைய விவாதத்தை நாங்கள் மறுபடி திறக்கவில்லை. பொன்பரப்பியில் பானை உடைபடும் காலத்தில், மேலே பெரும்பான்மை மதவாதம் ஆட்சி செய்யும் காலத்தில், சேரியின் வாக்கைச் சிதறவிடுவது தற்கொலை. வாக்களிப்போம். அத்தோடு, 1999இல் நாம் நடத்திய முதற்கட்டத் தேர்தலை மீண்டும் நடத்துவோம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றும் சட்டம் இருந்ததில்லை.

நாங்கள் முன்வைப்பது மூன்று. ஒன்று, தேர்தல் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பாகவே தொகுதியின் சேரிகளில் கூட்டம் போட்டு, யார் நிற்க வேண்டும், எந்தக் கோரிக்கையோடு நிற்க வேண்டும் என்பதைப் பேசித் தீர்மானமாக எழுதிக் கட்சியிடம் கொடுப்பது. பஞ்சமி நில மீட்பு, சுடுகாட்டுப் பாதை, ஊராட்சித் தலைவர்களின் பாதுகாப்பு என்று அந்தத் தீர்மானம் ஊர்ப் பெயரோடும் சர்வே எண்ணோடும் இருக்க வேண்டும். பெண்கள் தனியாகக் கூடி எழுதும் தீர்மானமும் அதில் சேர வேண்டும்.

இரண்டு, வென்றவரை ஆண்டுக்கு ஒருமுறை அதே சேரிக் கூட்டத்துக்கு அழைப்பது. மாலை, பொன்னாடை, பட்டாசு இல்லாமல் அழைப்பது. கூட்டணியில் எதைச் சொல்ல முடிந்தது, எதைச் சொல்ல முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அவர் நம்மிடம் சொல்லட்டும். 71 விழுக்காட்டிடம் வாக்கு வாங்க வேண்டியவரின் நெருக்கடி நமக்குப் புரியும். புரிந்தவர்களிடம் அவர் மறைக்க வேண்டியதில்லை.

மூன்று, வழக்கு நடத்தும் வேலையையும் உண்மை அறியும் வேலையையும் கட்சிக்கு வெளியே, கட்சி மாறினாலும் மாறாத கைகளில் வைத்திருப்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு புகாரை எப்படி எழுதுவது, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எங்கே போவது, சாட்சிக்குப் பயணப்படி எப்படிக் கேட்பது என்பவற்றைத் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு சேரியிலும் வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் சட்டக் கல்லூரி, சமூகவியல் மாணவர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது.

மாணவர்களுக்கு இன்னொன்றும். 1999 செப்டம்பரில் எரிந்த வீடுகளின் கதையை, அந்த வீட்டுக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி எடுங்கள். புவனகிரியிலும் குமராட்சியிலும் விருத்தாசலத்திலும் அன்று முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபதை நெருங்குகிறது. தலைவர்களின் வாழ்க்கை வரலாறு எப்படியும் எழுதப்படும். அந்த நாளில் விரலில் மையோடு கரும்புக் கொல்லையில் ஒளிந்திருந்தவரின் பெயர் எழுதப்பட வேண்டும். வேட்பாளர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் என்ற கேள்வி வரும்போதெல்லாம் நாம் எடுத்துக் காட்ட வேண்டிய பட்டியல் அதுதான்.

இந்த உரையைக் கேட்டுவிட்டு இது ஆதரவா எதிர்ப்பா என்று சிலர் கேட்பீர்கள். அவர் நம் வேட்பாளர். அதனால்தான் கேட்கிறோம். வேறு வேட்பாளர்களிடம் நாம் எதையும் கேட்டதில்லை.